கார்புரேட்டர் கொரோலாவுக்கு இஎஃப்ஐ எஞ்சின் ஏற்றும் முறை

5ஏ-எஃப் கார்புரேட்டர் எஞ்சினோடு வந்த ஏஇ91 கொரோலாவுக்கு அதே குடும்பத்து 5ஏ-எஃப்இ என்ற இஎஃப்ஐ எஞ்சினைப் போடுங்கள். இஎஃப்ஐ என்றால் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் பெற்றோலைப் பீய்ச்சும் முறை. இரண்டும் 1498 சிசி. மவுண்டும் கியர்பொக்ஸும் பெரிதாகத் தகராறு செய்யா. முதன்முறை செய்பவருக்கு இதைவிட நல்ல சோடி இல்லை. எஞ்சினை மட்டும் வாங்கவேண்டாம், ஹாஃப் கட்டாக, அதாவது வண்டியின் வெட்டியெடுத்த முன்பாதியாக வாங்குங்கள். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் ஹார்னஸ் (வயர்த் தொகுதி), ரிலேக்கள், ஒட்சிசன் சென்சர் எல்லாம் ஒரே வண்டியினதாக இருக்கவேண்டும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் லொறி ஏற்றுமுன்னரே ஹார்னஸைப் பாருங்கள். வெட்டி ஒட்டியிருந்தால் அந்த ஹாஃப் கட்டை விட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டும் சுங்கப் பத்திரப் பிரதியும் கட்டாயம்; புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும்.

இறக்கி ஏற்றுவது எந்தக் கராஜுக்கும் தெரிந்த வேலை. ஏற்றுமுன் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது பெற்றோல் லைனில். கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ போதும்; இஎஃப்ஐக்கு 40 அளவில் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, வெடித்தால் சூடான எக்ஸோஸ்டில் பெற்றோல் தெறிக்கும். இஎஃப்ஐ ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் டாங்கில் பம்ப் பெற்றோலை இழுக்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பு இராது. கால் டாங்கோடு வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் திக்கும். இதற்குப் போய் இன்ஜெக்டரை மாற்றிக் காசை வீணாக்குகிறார்கள். இஎஃப்ஐ ஏஇ91இன் டாங்கை உள்பம்போடு எடுப்பதே சிறந்தது. பெற்றோலுக்குள் கிடக்கும் பம்ப் சூடேறாது. கிடைக்காவிட்டால் பம்புக்கு எப்போதும் பெற்றோல் நிற்கும்படி 1 லீற்றர் சேர்ஜ் டாங்க் (இடைச் சிறு டாங்க்) வையுங்கள்.

மிஞ்சும் பெற்றோலை டாங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் மெல்லியதாயிருந்தாலும் நசுங்கியிருந்தாலும் அழுத்தம் இறங்காது, பிளக் கறுக்கும். ஐடிலில், பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வெக்கியூம் ஹோஸைக் கழற்றினால் அழுத்தக் கேஜ் 40 பிஎஸ்ஐ அளவில் நிற்கவேண்டும். திரும்ப மாட்டினால் 8, 9 குறையவேண்டும்.

வயரிங்கில் எஸ்டிஏ வயரை மறக்காதீர்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது பம்புக்கு மின் கொடுக்கச் சொல்வது அதுதான். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஈசியூ எஃப்சி என்ற பம்ப் ரிலே வயர் வழியாகப் பார்த்துக்கொள்ளும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சாவியை ஓனில் வைத்து, எஞ்சின் அறையிலுள்ள டயக்னோஸ்டிக் (சோதனை) பெட்டியில் +பி, எஃப்பி முனைகள் இரண்டையும் இணைத்து பம்பை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும் தடவிப் பாருங்கள்.

ஈசியூவின் ஈ1 ஏர்த் வயர்கள் இன்டேக் மெனிஃபோல்டில் போல்ட் ஆகவேண்டும். கல்லடி, காத்தான்குடிப் பக்க உப்புக்காற்றில் ஏர்த் முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். உலோகம் தெரிய உரசி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது பற்றரி நெகட்டிவுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் இடையே மல்டிமீற்றர் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் போதாது.

பழைய டேஷில் செக் எஞ்சின் பல்ப் இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள். சாவியை ஓனில் வைத்து, அதே டயக்னோஸ்டிக் பெட்டியின் டிஈ1, ஈ1 இரண்டையும் இணைத்ததும் அது ஒரே சீராக மினுங்கினால் ஈசியூவில் பிழைக்குறி எதுவும் பதிவாகவில்லை.