உழாமலே பறவைக்கு ஒரு கொல்லை: ஐந்து சென்ட்டில் தொடங்கலாம்

வேலூர்ப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா விட்ட கொல்லைகள் நிறையக் கிடக்கின்றன. அதில் ஐந்து சென்ட்டைக் குருவி, காடை, கவுதாரி, முயலுக்கு என்று ஒதுக்கலாம். ஏர் வேண்டாம், டிராக்டர் வேண்டாம். ஒரு அரிவாள், ஒரு கடப்பாரை, ஒரு கிலோ விதை போதும்.

கோடைமழை ஈரத்தில் செம்மண்ணைப் புரட்டினால், அந்த ஈரம் வெயிலில் பறந்துவிடும். அடியில் தூங்கிக் கிடந்த களை விதையும் மேலே வந்து முளைக்கும். சரிவான நிலமென்றால் அடுத்த மழையில் மேல்மண்ணும் ஓடைக்குப் போய்விடும். உழாமல் விட்டால் இந்த மூன்றும் இல்லை.

முதலில் இடம்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ஆந்திர எல்லைக்கு அப்பால் கௌண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானை இறங்கி வரும் வழி அது. அமிர்தி, ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. நீங்கள் புண்ணியத்துக்கு விதைத்த சோளம் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு நஷ்டத்தில் முடியும். ஊருக்குள், காட்டை விட்டுத் தள்ளி இருக்கும் நிலமே சரி.

அருகும் கோரையும் மண்டிய இடத்தையும் விட்டுவிடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், உழாத முறைக்கு அடங்காது. தும்பை, குப்பைமேனி மாதிரி வெட்டினால் மடங்கிப் படுக்கும் செடிகள் இருந்தால் நல்லது. பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை மூடாக்காக, அதாவது விதையை மூட மேலே பரப்பும் தழையாகப் போட்டால் நீங்களே அதை விதைத்த மாதிரி.

விதை

கடையில் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதையைத் தொடாதீர்கள். அது பூச்சிமருந்தோ பூஞ்சணமருந்தோ பூசிய விதை. வழக்கமான விதைப்பில் மண்ணுக்குள் போய்விடும். இங்கே மேலாக இறைக்கிறோம், குருவி பொறுக்கித் தின்னும். பறவைக்காகச் செய்கிற வேலையில் பறவைக்கே விஷம் வைக்கலாமா?

மளிகைக் கடையில் வாங்கும் முழுக் கம்பு, முழுச் சோளம், தட்டைப்பயறு பெரும்பாலும் முளைக்கும். தினை, சாமை அப்படி இல்லை. கடையில் கிடைப்பது உமி நீக்கியது. எதுவானாலும் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வையுங்கள். பதினைந்துக்கு மேல் முளைத்தால் போதும்.

ஐந்து சென்ட்டுக்குக் கம்பு 200 கிராம், சோளம் 300 கிராம், தட்டைப்பயறு அரைக் கிலோ. வயல் கணக்குக்கு இது அதிகம்தான், ஆனால் எறும்புக்கும் ஒரு பங்கு போகும். கம்பையும் சோளத்தையும் கெட்டியான சாணக் கரைசலில் புரட்டி, சாம்பல் தூவி நிழலில் உலர்த்தினால் எறும்பு இழுப்பது குறையும்.

விதைப்பு

நம் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை பெரும்பாலும் மாலை இடிமழையாக வரும். வைகாசி கடைசியிலிருந்து ஆடி வரை, ஒரு மழை பெய்து மண் நனைந்து, அடுத்த மழைக்கு மேகம் கூடும் நாளாகப் பாருங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். களையை வெட்டிவிட்டு விதைக்கக் கூடாது. நிற்கும் களைக்குள்ளேயே விதைக்க வேண்டும். முதலில் தட்டைப்பயறு. கடப்பாரை நுனியால் ஒரு அடிக்கு ஒரு குழி, விரல் கணு ஆழம், இரண்டு விதை, குதிகாலால் ஒரு மிதி. அப்புறம் கம்பையும் சோளத்தையும் மணலோடு கலந்து இறையுங்கள். இலைமேல் தங்கிய விதை உதிர, செடிகளைக் குச்சியால் லேசாகத் தட்டிவிடுங்கள். அதன்பிறகுதான் அரிவாள். களையை அடியோடு அறுத்து, அறுத்த இடத்திலேயே பரப்பி, மேலே நடந்து மிதியுங்கள்.

மூடாக்கு எவ்வளவு கனம் இருக்கலாம்? மேலிருந்து பார்த்தால் அங்கங்கே செம்மண் தெரிய வேண்டும். மெத்தை போலப் போட்டால் கம்பு முளை வெளிச்சம் பார்க்காமல் வெளுத்துச் சாகும். கம்பு முளை நூல் மாதிரி, அதற்கு முட்டித் தள்ளத் தெம்பு கிடையாது. மிஞ்சிய தழையை ஓரமாகக் குவித்துவிடுங்கள்.

முளைத்த பிறகு

பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆடு மாடு நுழையாமல் முள்வேலி கட்டுங்கள். இது பயிருக்காக மட்டும் அல்ல: இளஞ்சோளத்தில், அதிலும் தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில், சயனைடு நச்சு இருக்கும், மேய்ந்த மாடு செத்தே போகும். மின்வேலி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கம்பு மூன்று மாதத்துக்குள் முற்றிவிடும். பால் பிடிக்கும்போதே கிளி வரும், வரட்டும். அமெரிக்காவில் மானை வேட்டையாடுவதற்கென்றே இப்படி விதைப்பவர்கள் உண்டு. இங்கே மயில், கவுதாரி, முயல் எதைப் பிடித்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி வைக்க வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கதிர் காலியானதும் கம்பு, சோளத் தட்டையை அறுக்காதீர்கள், கொளுத்தாதீர்கள். கவுதாரி பதுங்க அதுதான் இடம். புரட்டாசி மழையில் அந்தத் தட்டைக்கு நடுவே கொள்ளு விதையை இறைத்து, தட்டையைக் காலால் மிதித்துச் சாய்த்துவிட்டால் அடுத்த விதைப்பும் ஆயிற்று.