டைரக்டரியில் இல்லாத எண்ணுக்கும் அழைப்பு வந்தபோது செய்தது

என் எண்ணை டெலிபோன் டைரக்டரியில் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வெகுநாள் ஆகியும், முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், அச்சில் வராத எண்ணையும் தகவல் சேவையில் பெயர் சொல்லிக் கேட்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு சில இடங்களில் தனியாக உண்டாம். அதையும் நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேட்டேன், சரி என்று பதில் வந்தது.

ஆனால் டைரக்டரியில் இல்லை என்பதால் நாம் கூப்பிடும்போது எண் மறைந்துவிடாது, எதிர்முனைத் திரையில் பளிச்சென்று தெரியும். அந்த மறைப்பு வேறு வசதி. ஜிஎஸ்எம் என்ற நெட்வொர்க் வகையில் இயங்கும் மொபைலில் #31# போட்டு அதை ஒட்டியே எண்ணை அழுத்தினால், சேவை நிறுவனம் அனுமதித்திருந்தால், அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் மறையும். அவசர உதவி எண்ணுக்கு அப்போதும் தெரியும், தெரியத்தான் வேண்டும்.

அப்புறம், கூப்பிடுபவரின் பெயரைத் திரையில் காட்டும் ஆப். நம்மைத் தெரிந்த யாரோ ஒருவர் தன் காண்டாக்ட் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டால் நம்மிடம் கேட்காமலே நம் எண்ணும் பெயரும் போய்விடும், இதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. அதன் தளத்தில் எண்ணை நீக்கும் படிவம் இருந்தது, நிரப்பிக் கொடுத்தேன். அழைப்புகள் நன்றாகவே குறைந்துவிட்டன.