கருவி வாங்குவதற்கு முன்: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மதிப்பீடு எங்கே சறுக்குகிறது?

புதிய கருவியோ சிகிச்சை முறையோ வருவதற்கு முன்பு, அது நோயாளிக்கு உண்மையில் உதவுமா, என்ன செலவாகும், நம் மருத்துவமனையில் ஓடுமா என்று ஆதாரங்களை வைத்துப் பார்ப்பதுதான் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு. கனடாவின் கியூபெக் மாகாணம் இதில் முன்னோடி. 1988-இலேயே மாகாண அளவில் இதற்கென ஒரு மன்றம் அமைத்தார்கள். மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-இல் தனக்கென்றே ஒரு மதிப்பீட்டுப் பிரிவைத் தொடங்கியது. இதய மருத்துவர் மாரிஸ் மெக்கிரெகர் அதை முன்னின்று நடத்தினார்.

"அதான் நாட்டு அளவில் பார்க்கிறார்களே, தனியாக நமக்கு எதற்கு?" என்று நினைப்பது பலரும் செய்யும் முதல் தவறு. இந்தியாவிலும் 2017 முதல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இப்படியொரு அமைப்பு இருக்கிறது. ஆனால் நாட்டு அளவிலான அறிக்கை, ஒரு சிகிச்சை பொதுவாகப் போட்ட பணத்துக்குத் தகுமா என்று சொல்லும். உங்கள் வார்டுக்கு அந்த மாதிரி நோயாளிகள் வருடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ராத்திரி டியூட்டியில் அதை யார் இயக்குவார்கள், எந்த அறையில் வைப்பது என்பதெல்லாம் அதில் இருக்காது.

அடுத்தது, என் பார்வையில் இருப்பதிலேயே ஆபத்தானது: "வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "எதற்குப் பதிலாக?" என்று கேட்காமல் விடுவது. ஆரம்பக் கட்டக் கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பதிலாக, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி, ரோபோ முறைகள் உலகெங்கும் பரவின. தழும்பு சிறியது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் புற்றுநோய் திரும்பி வருகிறதா என்பதை இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2018-இல்தான் வந்தது. 631 பெண்கள் கலந்துகொண்டார்கள். நாலரை ஆண்டுக்குப் பிறகு நோய் இல்லாமல் இருந்தவர்கள் திறந்த அறுவை சிகிச்சையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். மருத்துவமனைகள் அதுவரை அளந்துகொண்டிருந்தது படுக்கை நாட்களை. அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்ததோ நோய் திரும்பாத வாழ்க்கை. ஆகவே மதிப்பீட்டைத் தொடங்கும்போதே, நோயாளிக்கு எது முக்கியம், இப்போது நாம் செய்துவரும் சிகிச்சை எது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது முறை எல்லா வகையிலும் மேலானதாகத் தெரிந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

செலவுக் கணக்கில் கருவியின் விலையை மட்டும் போடுவது அடுத்த தவறு. ரோபோ அறுவை சிகிச்சைக் கருவிகளில் மிகவும் பரவலான டாவின்சியையே பாருங்கள். அதன் கைகளில் மாட்டும் உபகரணங்களில் பல, வெகுகாலம் பத்துத் தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாதபடி அமைக்கப்பட்டிருந்தன. பத்து முடிந்ததும் புதிது வாங்கியாக வேண்டும். இதோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், செவிலியர் பயிற்சி, தொடக்கத்தில் ஒவ்வொரு அறுவை சிகிச்சையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் தியேட்டர் நேரம் எல்லாம் சேரும். அந்த நேரத்தில் தள்ளிப்போகும் மற்ற நோயாளிகளின் அறுவை சிகிச்சைகளையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அது பாதிக் கணக்குதான். இலவசமாகத் தருகிறோம் என்று நிறுவனமே வந்து நின்றாலும் இதே கணக்கைப் போட வேண்டும்.

கருவி கேட்கும் துறையே அறிக்கையையும் எழுதுவது பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சர்வசாதாரணம். துறைத் தலைவர் மூத்த பேராசிரியர், "மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டாமா?" என்று அவர் கேட்டால் கமிட்டியில் யாரும் வாய் திறப்பதில்லை. கற்பித்தல் நியாயமான காரணம்தான். ஆனால் பலன் நிரூபணமாகாத ஒன்றைக் கற்பித்தால், அந்த மாணவர்கள் போகிற ஊருக்கெல்லாம் அதைக் கொண்டுபோவார்கள். மெக்கில் பிரிவின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஆதாரங்களைத் திரட்டி எழுதுவது பிரிவின் ஆய்வாளர்கள். பரிந்துரையை முடிவு செய்வது மருத்துவர்கள், செவிலியர்கள், நிர்வாகத்தினர், நோயாளிகளின் பிரதிநிதிகள் எல்லாரும் உட்காரும் குழு. நாளைக்கு அந்த முடிவோடு வேலை செய்யப்போகிறவர்கள் அதை எடுக்கும்போதே கூட இருப்பதால், அறிக்கை அலமாரியில் தூங்குவதில்லை.

தாமதமும் தவறுதான். ஒன்றரை வருடம் எடுத்து முந்நூறு பக்கம் எழுதி முடிப்பதற்குள் கருவி வந்து இறங்கியிருக்கும். டென்மார்க்கில் இதற்காகவே 26 கேள்விகள் கொண்ட சிறு மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். தொழில்நுட்பம், நோயாளி, நிர்வாக ஏற்பாடு, செலவு எல்லாம் அதில் வந்துவிடும். சின்ன முடிவுகளுக்கு அதுவே போதும்.

புதியதை மட்டும் மதிப்பிட்டு, ஏற்கெனவே இருப்பதைத் தொடாமல் விடுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது இதயம் தளர்ந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலைக்குப் போனவர்களுக்கு, ரத்த ஓட்டத்துக்கு உதவ மகாதமனியில் பலூன் பம்ப் பொருத்துவது பல ஆண்டுகள் வழிகாட்டு நெறிகளே வலியுறுத்திய சிகிச்சை. ஜெர்மனியில் 600 நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, 30 நாளில் இறந்தவர்கள் பம்ப் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. உங்கள் ஐ.சி.யூ.வில் பழக்கத்தால் மட்டுமே ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

அப்புறம், பதில் "ஆம்" அல்லது "இல்லை" என்றே இருக்க வேண்டியதில்லை. ஆதாரம் நம்பிக்கை தருகிறது, ஆனால் போதாது என்றால், "மதிப்பீட்டுக்காக மட்டும் அனுமதி" என்று மெக்கில் பிரிவு பரிந்துரைப்பதுண்டு. சரி என்று நீங்களும் அப்படி அனுமதித்தால், எந்த நோயாளிகளுக்கு மட்டும், விவரங்களைப் பதிவு செய்யப்போவது யார், மறுபடி எந்தத் தேதியில் கூடி முடிவெடுப்பது, பலன் இல்லையென்றால் யார் நிறுத்தச் சொல்வது என்பதையெல்லாம் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.