கடலூர், பாண்டியில ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் வேணும்னா 23ஆம் தேதிக்கு மேல போய் கேளுங்க

பி.காம், பிபிஏ படிக்கிற தம்பி தங்கச்சிங்க நெறைய பேர் ஆன்லைன்ல அப்ளை பண்ணிட்டு பதிலுக்கு காத்துக்கிட்டே இருக்கீங்க, நம்ம ஊர்ல அது சரிப்படாது, ஆடிட்டர் ஆபீஸுக்கு நேர்ல போய் தான் கேக்கணும். சிஏங்க, அதாவது ஆடிட்டருங்க, விளம்பரம் பண்ணி கிளையன்ட் புடிக்க 1949 சிஏ சட்டத்துலயே கட்டுப்பாடு இருக்கு, அதனால நல்லா ஓடுற ஆபீஸுக்கு கூட மாடிப்படி ஓரமா ஒரு சின்ன போர்டு தான் இருக்கும். மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், பாண்டின்னா மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நாள் நடந்து பாருங்க, ஆடிட்டர், டாக்ஸ் கன்சல்டன்ட் போர்டு எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கங்க.

இதுல தேதி ரொம்ப முக்கியம். நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது 18ஆம் தேதி, 19ஆம் தேதின்னு ரெசுமே எடுத்துக்கிட்டு ஏழு ஆபீஸ் ஏறி எறங்குனேன், யாருமே நிமிந்து கூட பாக்கல, மனசே விட்டுப்போச்சு. கடைசியா ஒரு ஆபீஸ்ல இருந்த அக்கா தான் "இப்ப 3பி ஓடிக்கிட்டு இருக்குது, 23க்கு மேல வாப்பா, சார் ஃப்ரீயா இருப்பாரு"ன்னு சொன்னாங்க. மாசா மாசம் 7ஆம் தேதி டிடிஎஸ் (காசு குடுக்கும்போதே புடிச்சு வெச்ச வரி) கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி வரி கட்டுற கணக்கு, அந்த அக்கா சொன்ன 3பி இது தான்), மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுறவங்களுக்கு நம்ம பக்கம் 22. இதெல்லாம் முடிஞ்ச பிறகு சாயங்காலம் நாலு மணி வாக்குல போனா உக்கார வெச்சு பேசுவாங்க. மே கடைசி வாரம் கேட்டு வெச்சுட்டா இன்னும் நல்லது, ஜூலையில வருமான வரி (ஐடி) ரிட்டர்ன் சீசன், அப்போ அவங்களுக்கே ஆள் தேவைப்படும்.

போய் "ஏதாவது வேலை இருக்கா சார்"னு கேக்காதீங்க. "சார், பர்ச்சேஸ் பில் எல்லாம் டேலியில போட்டு, 2பி-யோட எக்ஸெல்ல மேட்ச் பண்ணி தர்றேன், ஆறு வாரம் வர்றேன்"னு சொல்லுங்க, ஏன்னா புதுசா வர்ற பசங்களுக்கு பெரும்பாலும் குடுக்குற வேலையே அது தான். டேலின்னா கணக்கு போடுற சாப்ட்வேர், 2பின்னா நமக்கு வித்தவங்க போட்ட பில்லெல்லாம் ஜிஎஸ்டி சைட்ல வர்ற லிஸ்ட். டேலியோட எஜுகேஷன் மோட் காசு இல்லாம கிடைக்கும், சில தேதிக்கு மட்டும் தான் என்ட்ரி விடும், ஆனா பழகிக்க அது போதும். எக்ஸெல்ல விலுக்கப் (ஒரு லிஸ்ட்ல இருக்குறத இன்னொன்னுல தேடி எடுக்குறது), பிவட் (தொகுத்து கூட்டி காட்டுறது) ரெண்டும் கைக்கு வரணும். பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபியோட இன்வெஸ்டர் சர்டிபிகேஷன் பரீட்சை ஒன்னு இருக்கு, ஃபீஸ் கெடையாது, எழுதி ரெசுமேல போட்டுக்கங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, இத தெரிஞ்சு வெச்சா ஆடிட்டரே திரும்பி பாப்பாரு. ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, 34ன்னா புதுச்சேரி. பஸ்ஸுல ஒரு மணி நேரம் தான், ஆனாலும் பாண்டி மொத்த கடையிலேர்ந்து கடலூர் கடைக்கு சரக்கு அனுப்புனா ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போனா வர்ற வரி), கடலூருக்குள்ளேயே வாங்குனா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு, மாநில பங்கு). ரெண்டு பக்கமும் வியாபாரம் பண்ற கிளையன்ட்டும் இங்க இருப்பாங்க, பில்ல பாத்ததும் எந்த வரின்னு சொல்ல தெரியணும்.

சிப்காட் தொழிற்பேட்டையில இருக்குற கம்பெனிக்கு நேரா போனா பெரும்பாலும் கேட்லயே நின்னுடும், அவங்க ஆடிட்டர் மூலமா போறது சுலபம். படிப்பு முடிச்சவங்க நெய்வேலி என்எல்சி வெப்சைட்ல அப்ரண்டிஸ் அறிவிப்பையும் பாத்துக்கிட்டே இருங்க.

இன்டர்ன்ஷிப்புக்கு நீங்க காசு கட்டணும்னு யாராவது சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் சரி. சின்ன ஆபீஸ்ல ஸ்டைபண்டு கம்மியா இருக்கும், இல்ல பஸ் காசு மட்டும் தருவாங்க, மொத நாளே கூச்சப்படாம கேட்டுக்கங்க. கிளையன்ட் ஃபைல உங்க போன்ல ஏத்தாதீங்க, பாஸ்வேர்ட் வெளிய சொல்லாதீங்க. முடிக்கும்போது லெட்டர்ஹெட்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கங்க, அதுல எந்த தேதியிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், என்ன என்ன வேலை பாத்தீங்கன்னு இருக்கணும், வேணும்னா நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டு போங்க, படிச்சு பாத்துட்டு கையெழுத்து போட அவங்களுக்கும் ஈஸியா இருக்கும்.