கெமர் மொழியில் ‘கேரி’ சொல்வது எப்படி?

ஆங்கில ‘கேரி’க்கு (carry, அதாவது சுமந்து செல்வது) கம்போடியாவின் மொழியான கெமரில் ஒரே சொல்லைத் தேடாதீர்கள். முதலில் சுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலையில் என்றால் ‘தூல்’, தோளில் மூட்டை என்றால் ‘லீ’, கையில் தொங்கும் பை என்றால் ‘யூர்’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ரைக்’. கம்போடியத் தலைநகர் புனோம் பென் தெருக்களில் அரிசி நூடுல்ஸ் விற்கும் அக்காமார் மூங்கில் தண்டின் இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு, தோளில் தாங்கி நடப்பார்களே, அதுதான். பார்த்துவிட்டால் சொல் மறக்காது.

இருவர் சேர்ந்து தூக்கினால் ‘சைங்’. குழந்தையை ஏந்தினால் ‘போர்’. லாரியில் சரக்குப் போனால் ‘டெக்’. அவசரத்துக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா? சரி, ‘யோக் தௌ’ என்று சொல்லுங்கள். ‘எடுத்துக்கொண்டு போ’ என்று அர்த்தம், புரிந்துகொள்வார்கள்.