உலக இசையின் புது ஆல்பங்களைப் பின்தொடர்வது எப்படி? முதன்முறை கேட்பவர்களுக்கு

ஸ்ட்ரீமிங் செயலியில் 'வேர்ல்ட் மியூசிக்' என்று தேடிப் பாருங்கள். ஓட்டல் வரவேற்பறையில் ஒலிப்பது போன்ற பின்னணி இசைதான் பெரும்பாலும் வந்து விழும். அதைக் கேட்டுவிட்டு 'இது நமக்கு ஒத்துவராது' என்று ஒதுங்கிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். செயலி நீட்டுவதை விட்டுவிட்டு, ஆல்பத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்தப் பதிவில் நான் சொல்லித் தரப்போவது அந்த வழியைத்தான்.

படி 1: ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

1987 கோடையில் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மதுக்கூடத்தில் சிறிய இசை நிறுவனக்காரர்கள் கூடினார்கள். எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்கள் திணறிய இசைத்தட்டுகளுக்கு அன்று அவர்கள் ஒப்புக்கொண்ட பொதுப்பெயர்தான் 'வேர்ல்ட் மியூசிக்'. மாலியின் கோரா என்ற தந்திக்கருவி இசையும் போர்ச்சுகலின் ஃபாதோ பாடல்களும் கொலம்பியாவின் கும்பியா நடன இசையும் ஒரே அடுக்குக்குப் போயின. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் எதுவும் மனதில் தங்காது. முதல் இரண்டு மாதங்களுக்கு ஒரு பகுதி போதும். நான் பரிந்துரைப்பது சஹாரா பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்களின் கிதார் இசை. கிதார் நமக்குப் பழகிய கருவி என்பதால் உள்ளே நுழைவது எளிது.

படி 2: வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்

2015 ஜூலை முதல் உலகெங்கும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. அதற்கு முன் நாட்டுக்கு நாடு கிழமை மாறும். விதிவிலக்கும் உண்டு: புவேர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னி 2025-இல் தன் ஆல்பத்தை ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார். மறுநாள் அந்தத் தீவு கொண்டாடும் மூன்று அரசர்கள் திருநாள்.

வாரம் தவறாமல் தேட நேரமில்லை என்றால் மாதம் ஒருமுறை 'டிரான்ஸ்குளோபல் வேர்ல்ட் மியூசிக் சார்ட்', 'வேர்ல்ட் மியூசிக் சார்ட்ஸ் யூரோப்' என்ற இரண்டு பட்டியல்களையும் பாருங்கள். வானொலியிலும் இதழ்களிலும் இந்த இசையோடு வாழ்கிறவர்கள் வாக்களித்துத் தயாரிப்பவை. பட்டியல் முழுவதையும் கேட்க வேண்டாம். இரண்டு ஆல்பம் எடுங்கள், போதும்.

படி 3: லேபிளைப் பின்தொடருங்கள்

பலர் தவறவிடும் படி இது. பாடகர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஆல்பம் தருவார். அவரை வெளியிடும் லேபிள், அதாவது இசை நிறுவனம், வருடம் முழுக்க அதே ரசனையில் புதியவர்களை அறிமுகப்படுத்திக்கொண்டே இருக்கும். ஸ்பாட்டிஃபையில் ஆல்பம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் லேபிளின் பெயர் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு, கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்துக்குப் போய், அந்த லேபிள் அங்கே இருந்தால் 'ஃபாலோ' கொடுங்கள். புது ஆல்பம் வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும்.

தொடங்குவதற்குச் சில பெயர்கள்: மாலியின் கிதார் கலைஞர் அலி ஃபார்க்கா தூரேயை உலகுக்குக் கொண்டுவந்த லண்டனின் வேர்ல்ட் சர்க்யூட், பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1989-இல் தொடங்கிய ரியல் வேர்ல்ட், உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து இயங்கும் நியேகே நியேகே டேப்ஸ், பெர்லினின் லைட்டர். இந்த லைட்டர், பியானோ கலைஞர் நீல்ஸ் ஃப்ராமுடன் சேர்ந்த லேபிள். அதைப் பின்தொடர்ந்தவர்களுக்கு 2025-இல் கிடைத்தது, தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் 'நிலம்' ஆல்பம்.

ஒரு எச்சரிக்கை. 'புது வெளியீடு' என்று வருவதெல்லாம் புதிதாகப் பாடியதாக இருக்காது. ஃபிராங்ஃபர்ட்டின் அனலாக் ஆஃப்ரிக்கா போன்ற லேபிள்கள் 1970-களின் ஒலிப்பதிவுகளைத் தேடியெடுத்து மறுபடி வெளியிடுகின்றன. அருமையான வேலை அது. ஆனாலும் பதிவான ஆண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டால்தான் அந்தக் காலத்து ஒலி புரியும்.

படி 4: முழு ஆல்பத்தையும் இரண்டு முறை கேளுங்கள்

இதற்கு நைஜரின் துவாரெக் கிதார் கலைஞர் எம்டூ மொக்தாரை விடப் பொருத்தமான ஆசிரியர் கிடையாது. சைக்கிள் பிரேக் கம்பியைத் தந்தியாகக் கட்டித் தன் முதல் கிதாரைத் தானே செய்தவர் அவர். 2024 மே மாதம் 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' வந்தது. மின்கிதார் அனலாகக் கொட்டும் ஆல்பம். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இசைக்குழு அமெரிக்காவில் பயணத்தில் இருந்தது. உடனே ஊர் திரும்ப வழியில்லை. அந்த நாட்களில், அதே பாடல்களை மின்கிதார் இல்லாமல் புரூக்ளினில் மறுபடி பதிவு செய்தார்கள். 2025 பிப்ரவரியில் அது 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' ஆக வந்தது.

முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில், எதையும் படிக்காமல் கேளுங்கள். மறுநாள் இரண்டாவதை வைத்து, வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தபடி கேளுங்கள். பாடும் மொழி துவாரெக் மக்களின் தமாஷெக். அந்த மொழி அழிந்துவிடக் கூடாது என்று தன் மக்களிடம் மன்றாடும் பாடல் ஒன்று இதில் உண்டு. முதல் நாள் வெறும் ஆவேசமாகக் கேட்ட குரல், மறுநாள் அழுகையாகக் கேட்கும். எனக்கு இந்த இசை உள்ளே இறங்கியது இப்படித்தான்.

படி 5: வாசித்தவர்களின் பெயர்களைப் படியுங்கள்

ஸ்பாட்டிஃபையில் பாடலின் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'கிரெடிட்ஸ்' வரும். பேண்ட்கேம்பில் ஆல்பத்தின் கீழேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள்.

2023-இல், இந்திய இசையையும் ஜாஸையும் இணைக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமன்ட்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிறந்த குளோபல் மியூசிக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. அதில் கஞ்சிரா வாசித்தவர் வி. செல்வகணேஷ். அவருடைய தந்தை கடம் விநாயக்ராம். அவர் பெயரைத் தேடினால், அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' கிடைக்கும். 'வேர்ல்ட் மியூசிக்' என்று கிராமியில் தனிப்பிரிவு தொடங்கியதும் முதலில் வென்ற ஆல்பம் அதுதான். நம் கடத்தோடு அதில் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சியும் புவேர்ட்டோ ரிக்கோவின் ஜொவானி ஹிடால்கோவும் தாளம் போடுகிறார்கள். அங்கிருந்து புவேர்ட்டோ ரிக்கோவின் ப்ளேனா இசைக்குப் போகலாம். கையில் ஏந்தித் தட்டும் தோல்கருவிகள்தான் அதன் உயிர். கஞ்சிரா கேட்ட காதுக்கு அந்நியமாக இருக்காது. மேலே சொன்ன பேட் பன்னியின் ஆல்பத்தில் அந்த ப்ளேனா ஒலிக்கிறது.

படி 6: பிடித்ததை வாங்குங்கள்

இலவசமாகக் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் பெரிய நிறுவனங்களின் பின்பலம் இல்லாத இந்தக் கலைஞர்களுக்கு நேரடி விற்பனை பெரிய ஆதரவு. டிஜிட்டல் ஆல்பம் விற்றால் பேண்ட்கேம்ப் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020-இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அந்தத் தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வாங்க நினைப்பதை அதற்காகச் சேர்த்து வையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் வாங்கும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்க வேண்டும். புதிய கார்டுகளில் அது அணைத்தே வரும். வாங்கி முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள். தரவிறக்கும்போது ஃப்ளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3-ஐ விட இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒலி சிதையாமல் இருக்கும்.