ஈவ் ஒன்லைன் கேம்ல லொக்கின் பண்ணினா ஷிப்ப காணல்லயா? பதறாம இப்பிடி தேடுங்க

"நேத்து ராத்திரி நல்லாத்தான் நிப்பாட்டிட்டு படுத்தன், இண்டைக்கு லொக்கின் பண்ணினா ஷிப்ப காணல்ல, முட்டை மாதிரி ஒண்டுக்குள்ள தனிய மிதந்துகொண்டிரிக்கன், என்ன செய்யிற அண்ணா" எண்டு கல்முனை, களுவாஞ்சிக்குடி பக்கத்தால தம்பிமார் அடிக்கடி மெசேஜ் போடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பி அனுப்பி விளங்கப்படுத்துறத விட எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதினா நல்லம் எண்டுதான் இத எழுதுறன். நான் சொல்லுறது ஈவ் ஒன்லைன பத்தி, 2003ல ஐஸ்லாந்துக்காரர் விட்ட கேம், மத்த ஸ்பேஸ் கேம்கள்ள சட்டம் வேற மாதிரி இரிக்கும். அந்த முட்டைதான் கெப்ஸ்யூல், ஷிப் போனா நீங்க மிஞ்சி நிக்கிற சின்ன கூடு.

முதல்ல ஒண்ட மனசில வைங்க. ஷிப் லொக்கின் பண்ணக்குள்ள தொலையிறல்ல, அநேகமா நீங்க கடைசியா வெளிய போன பொறவுதான் தொலைஞ்சிரிக்கும், அத இண்டைக்குத்தான் நீங்க காணுறீங்க, அவ்வளவுதான். அதால தேட வேண்டியது நேத்து ராத்திரியதான்.

எனக்கு நடந்தத சொன்னா லேசா விளங்கும். மார்கழி மழை, கல்லடியில எங்கட வீட்ட இடி மின்னல், நான் வெக்ஸர் எண்ட ஷிப் ஒண்டில மிஷன் அடிச்சுக்கொண்டிருந்தன், ஹைசெக் எண்ட பாதுகாப்பு கூடின பகுதிதான், பயமில்லாத இடம் எண்டு நினைப்பு. ஒம்பதே காலுக்கு கரண்ட் போச்சு. கொம்பியூட்டரும் நிண்டு ரவுட்டரும் நிண்டு போச்சு. சரி ஷிப் தானா மறைஞ்சிடும்தானே எண்டு படுத்திட்டன். அடுத்த நாள் பார்த்தா வெக்ஸர் இல்ல, முட்டை மட்டும் நிக்கிது. எனக்கு அழுகை வந்திட்டு, ரெண்டு மாசமா சேர்த்து சேர்த்து பூட்டின சாமான் எல்லாம் அதுலதான் இருந்திச்சு. சேர்வர் பிழை எண்டுதான் நினைச்சன். மறுகா கில்மெயில, அதாவது ஷிப் உடைஞ்சா கேம் தாற அறிக்கைய, எடுத்து பார்த்தா நேரம் 15:47 எண்டு இரிக்கு, அது யுடிசி எண்ட உலகப் பொது நேரம், எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டினா 21:17. கரண்ட் போய் ரெண்டு நிமிசம். அடிச்சது மனுசரும் இல்ல, அந்த மிஷன்ல நிண்ட என்பிசி, அதாவது கேமே ஓட்டுற எதிரிதான்.

ஏன் அப்பிடி எண்டா, கனெக்ஷன் அறுந்தா கேம் உங்கட ஷிப்ப உடன அழிக்கிறல்ல. எமர்ஜென்சி வார்ப் எண்டு தூர ஒரு இடத்துக்கு தானா பாயும், அங்க நிண்டு ஒரு நிமிசத்தில மறையும். ஆனா சண்டைக்குள்ள இருந்தா கதை வேற. என்பிசியோட அடிபட்டுக்கொண்டிருந்தா 5 நிமிசம், வேற பிளேயரோட அடிபட்டா 15 நிமிசம் ஷிப் ஸ்பேஸ்லயே நிக்கும், நீங்க கொம்பியூட்டர உடைச்சாலும் நிக்கும். அந்த நேரத்துக்குள்ள ப்ரோப் எண்ட தேடுற கருவிய போட்டு தேடி வந்து அடிக்க ஏலும். இன்னும் மோசம், யாராவது உங்கள ஸ்க்ரேம்பிள் பண்ணி புடிச்சு வச்சிருந்தா அந்த எமர்ஜென்சி வார்ப் கூட நடக்காது, இருந்த இடத்திலயே நிண்டு அடி வாங்கும். எனக்கு நடந்தது அதுதான், சின்ன என்பிசி ஒண்டு ஸ்க்ரேம்பிள் போட்டு புடிச்சிரிக்கி.

சரி இப்ப உங்கட கேஸுக்கு வருவம்.

முட்டையில ஸ்பேஸ்ல நிண்டா முதல் வேல கிட்ட இரிக்கிற ஸ்டேஷனுக்கு போய் டொக் பண்ணுற. தலைக்குள்ள இம்ப்ளான்ட் எண்ட திறமை கூட்டுற சிப் கிடந்தா அதையும் பறிகொடுக்காதீங்க. உள்ள போன பொறவு ஆறுதலா தேடலாம். லொக்கின் பண்ணக்குள்ளயே உங்கட ஹோம் ஸ்டேஷன்ல, இலவசமா குடுக்கிற அந்த சின்ன ஷிப்போட நிண்டா, முட்டையும் உடைஞ்சு போச்சு எண்டு அர்த்தம், இம்ப்ளான்டும் போயிரிக்கும்.

மறுகா கெரக்டர் ஷீட்ட திறந்து இன்டரக்ஷன்ஸ், அதுக்குள்ள கொம்பட் லொக், அதுல லொஸஸ் எண்டத பாருங்க. ஷிப் உடைஞ்சிருந்தா கில்மெயில் அங்க கிடக்கும், யார் அடிச்ச, எந்த சிஸ்டம் (சூரிய மண்டலம்), எத்தின மணி எல்லாம் இரிக்கும். நேரத்துக்கு அஞ்சரை கூட்ட மறக்காதீங்க, கன பேர் இதுல பிழைச்சு "அந்த நேரம் நான் லைன்லயே இல்ல" எண்டு சண்டைக்கு போறாங்க. வொலட் ஜேர்னலையும் பாருங்க, இன்சூரன்ஸ் காசு எண்டு ஒரு தொகை வந்திருந்தா அதுவே சாட்சி. இன்சூரன்ஸ் எடுக்காத ஷிப்புக்கும் வெறும் ஷிப்ட (ஹல்) பெறுமதியில 40 வீதம் குடுப்பாங்க, எனக்கும் அதுதான் வந்திச்சு, பூட்டின சாமானுக்கு ஒண்டும் இல்ல.

உடைஞ்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கண்டுபிடிச்சா உடன ஓடுங்க. ரெக், அதாவது உடைஞ்ச ஷிப்ட மிச்சம், அவ்வளவு நேரம் கிடக்கும், சாமான்ல பாதியாவது மிஞ்சியிருக்க சான்ஸ் இரிக்கு.

கில்மெயில் இல்லயா? அப்ப ஷிப் உடையல்ல, எங்கயோ இரிக்கு. இது நல்ல செய்தி.

அஸெட்ஸ் விண்டோவ திறந்து ஷிப்ட பேர அடிச்சு தேடுங்க. சிரிக்காதீங்க, ஒரு அக்கவுண்ட்ல மூண்டு கெரக்டர் வைக்கலாம், மாறி மத்த கெரக்டர்ல ஏறிட்டு ஷிப்ப காணல்ல எண்டு ஒரு மணித்தியாலம் தேடின தம்பி ஒருத்தர் அக்கரைப்பற்றில இரிக்கார். அதே மாதிரி லோஞ்சர்ல எந்த சேர்வர் எண்டு பாருங்க, உண்மையான சேர்வர் ட்ரான்குவிலிட்டி, சிங்குலாரிட்டி எண்டது டெஸ்ட் சேர்வர், அதுல பழைய கொப்பி ஒண்டுதான் இரிக்கும், நேத்து வாங்கின ஷிப் அங்க இருக்காது. காசு கட்டுற ஒமேகா முடிஞ்சு இலவச ஆல்பாவுக்கு இறங்கினாலும் ஷிப் தொலையாது, ஹேங்கர்லதான் நிக்கும், ஆல்பாவுக்கு ஏலாத ஷிப் எண்டா ஏறி ஓட்டத்தான் விடாது.

இன்னொண்டு, பிளேயர்மார் கட்டின ஸ்ட்ரக்சருக்குள்ள டொக் பண்ணிட்டு படுத்து, ராத்திரி அந்த ஸ்ட்ரக்சரையே ஆக்கள் உடைச்சா, நீங்க முட்டையோட வெளிய நிப்பீங்க. இதுல கில்மெயில் வராது, அதாலதான் சனம் பேய்க்காட்டப்பட்ட மாதிரி பதறுறது. சாமான் எல்லாம் அஸெட் சேஃப்டிக்கு போயிரிக்கும், அஸெட்ஸ் விண்டோவிலயே அதுக்கு தனி இடம் இரிக்கு. 5 நாளைக்கு பொறவு அதே சிஸ்டத்தில வேற இடம் இருந்தா அங்க எடுக்கலாம், கொஞ்ச காசுதான், ஒண்டும் செய்யாம விட்டா 20 நாள்ல தானா லோசெக் எண்ட பாதுகாப்பு குறைஞ்ச பகுதியில ஒரு ஸ்டேஷனுக்கு போகும், அதுக்கு பெறுமதியில 15 வீதம் கட்டணும். அதால 20 நாள பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. வேர்ம்ஹோல் எண்ட மறைவான வழியால போற பகுதிக்குள்ள இருந்த ஸ்ட்ரக்சர் எண்டா இந்த பாதுகாப்பே இல்ல, போனது போனதுதான்.

இதுல ஒண்டும் இல்லாம, வொலட்ல காசும் குறைஞ்சு, நீங்க போடாத கொன்ட்ராக்ட் எல்லாம் இருந்தா அப்பதான் அக்கவுண்ட்ல வேற ஆள் ஏறினதா எண்டு யோசிக்கணும். உடன பாஸ்வேர்ட மாத்தி, டூ ஃபெக்டர போட்டிட்டு கேம் கம்பனிக்கு டிக்கெட் (முறைப்பாடு) போடுங்க. கூட்டாளிக்கு பாஸ்வேர்ட் குடுக்கிற பழக்கம் எங்கட பொடியன்மாரிட்ட இரிக்கு, இந்த கேம்ல அது சட்டப்படியே பிழை, தயவுசெய்து செய்யாதீங்க.

டிக்கெட் எண்ட உடன ஒண்டு சொல்லணும். உங்கட பக்கத்து லைன் அறுந்து, கரண்ட் போய், டேட்டா முடிஞ்சு தொலைஞ்ச ஷிப்ப திருப்பி தரமாட்டாங்க. சேர்வர் பக்கத்து பிழை எண்டு அவங்கட லொக்ல தெரிஞ்சாத்தான் தருவாங்க. அப்பிடி நினைச்சா கெரக்டர் பேர், சிஸ்டம், யுடிசி நேரம், கில்மெயில் எல்லாத்தையும் சுருக்கமா மரியாதையா எழுதுங்க. ஏசி எழுதினா ஒண்டும் நடக்காது.

இனி தொலையாம இருக்க. டொக் பண்ணிட்டு நிப்பாட்டுறதுதான் நல்லம். ஏலாட்டி சிஸ்டம் விட்டு சிஸ்டம் பாயுற ஸ்டார்கேட்டுக்கு கிட்ட நிண்டு வெளிய போகாதீங்க, ஏனெண்டா திரும்பி லொக்கின் பண்ணக்குள்ள ஷிப் நீங்க விட்ட அதே இடத்துக்கு தானா வார்ப் பண்ணி வரும், அங்க நாலு பேர் கேம்ப் போட்டு நிண்டா நேர அவங்கட வாய்க்குள்ளதான். ரெண்டு இடத்துக்கு நடுவில வார்ப்ல போகக்குள்ள புக்மார்க் ஒண்ட போட்டு வச்சு, அங்க போய் சேஃப் லொகோஃப் அமத்துங்க, 30 செக்கன் எண்ணும், எண்ணி முடிய ஷிப் உடன மறையும். ட்ரோன் வெளிய நிண்டா, பூட்டின சாமான் (மொடியூல்) ஓடினா, சண்டை டைமர் இருந்தா அது வேல செய்யாது. பின்னேரம் நாலரைக்கு, அதாவது 11:00 யுடிசிக்கு, சேர்வர் ஒவ்வொரு நாளும் டவுன்டைமுக்கு போய் கொஞ்ச நேரம் நிக்கும், கிளாஸ் முடிஞ்சு நாலு மணிக்கு வந்து பெரிய மிஷன் ஒண்ட துடங்காதீங்க. இன்சூரன்ஸ் 12 கிழமைக்குத்தான், போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளையும் கண்ட ஆக்கள் நாங்க, இப்ப அந்தளவு இல்லாட்டியும் மழை காலத்தில படக்கெண்டு போறது இரிக்குத்தானே. லெப்டொப்ல பேட்டரி இரிக்கும், ரவுட்டர்லதான் இல்ல, அந்த 12 வோல்ட் பெட்டி ஒள்ளுப்பம் நேரம் தாங்கினாலே போதும். டெஸ்க்டொப் எண்டா அதுக்கும் சேர்த்து பெரிசா ஒண்டு வேணும். அந்த வெக்ஸர் தொலைஞ்ச மாசமே நான் யுபிஎஸ் வாங்கிட்டன். இப்ப கரண்ட் போனா வீட்டில எல்லாரும் டோர்ச் தேடக்குள்ள நான் முதல்ல ஸ்க்ரேம்பிள் பண்ணுற என்பிசிய அடிச்சு, ட்ரோன உள்ள எடுத்து, ஸ்டேஷனுக்கு வார்ப் பண்ணி டொக் பண்ணுவன், மறுகாதான் எழும்பி போய் மெழுகுதிரி கொளுத்துற.